ஸ்ருட்கார்ட்டில் இருந்து வந்த பலகை

சிட்னியின் டூங்காபி ஸ்டேஷனைத் தாண்டும்போது பையின் வார் தோளை அறுக்கத் தொடங்கியிருந்தது. பென்டில் ஹில்லில் நான் இருந்த அறை போய்விட்டது. திங்கட்கிழமை வேலையும் அதோடு போய்விட்டது. இரண்டும் ஒரே ஆளின் கையில் இருந்தவை. வீட்டுக்காரர்தான் கிளீனிங் கொன்ட்ராக்ட் எடுப்பவர். அவருடைய வான் வண்டியில்தான் நான் வேலைக்குப் போவேன். தற்காலிக விசாக்காரன் இந்த இரண்டும் இல்லாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான் என்று எனக்குத் தெரியும். செவன் ஹில்ஸில் ஒரு சிநேகிதன் இருந்தான். அவனுடைய கராஜில் படுக்கலாம், விடிந்ததும் தொழிற்பேட்டையில் வேலை கேட்கலாம். நடந்தேன்.

ஏழு மலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்க வைக்கும் ஒரு மேடுகூட இல்லை. மலை என்றால் ஸ்ருட்கார்ட்.

ஜேர்மனியின் அந்த மாநிலத் தலைநகரில் ஒன்பது வருடம் இருந்தேன். நகரம் ஒரு தாச்சிச் சட்டியின் அடியில் கிடக்கிறது. சுற்றிவர மேடு, ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்து ஆற்றை நோக்கிப் போகும். ஆறு நகரத்தின் நடுவுக்கு வராது. நடுவில் ஓடிய சின்ன ஓடையையும் நிலத்துக்கு அடியில் அடைத்து, மேலே தெரு போட்டுவிட்டார்கள். ரயில் நிலையத்தில் இறங்கினால் திராட்சைத் தோட்டம் கண்ணுக்குத் தெரியும். மேட்டில் காற்று, தோட்டம், வக்கீல்மார், டொக்டர்மார். அடியில் கார்ப் புகையும் நாங்களும். குளிர்காலத்தில் அந்தப் புகை தாச்சிக்கு மூடி போட்ட மாதிரி நிற்கும். அதற்கு மேலே வெயில் அடிக்கும். நான் காலையில் பேப்பர் போட்டவன். தெருக்கள் வளைந்து வளைந்து ஏறும், படிக்கட்டுகள் மட்டும் நேரே ஏறும். திராட்சைக்காரர் ஏறி இறங்கிய கல்படிகள். அந்த ஊர் எனக்கு முழங்காலால்தான் தெரியும்.

அங்கே சனங்கள் கார் செய்வார்கள், சிக்கனமாக இருப்பார்கள், வீடு கட்டுவார்கள், பிறகு அதைக் கூட்டிக்கொண்டே இருப்பார்கள். நான் இருந்த குடியிருப்பில் ஒரு சின்னப் பலகை இருந்தது. அது யாருடைய கதவில் தொங்குகிறதோ, அந்தக் கிழமை ஏழு நாளும் மாடிப்படி, வாசல், நடைபாதை, பனி கொட்டினால் பனி, எல்லாம் அவருடைய வேலை. கிழமை முடிந்தால் பக்கத்துக் கதவில் கொழுவ வேண்டும். மேல்மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரிக்கு எழுபது வயதுக்கு மேல். அவளும் தன் முறைக்கு முழங்காலில் நின்று படி துடைப்பாள். நான் எங்காவது தூசி விட்டால் கூப்பிட்டு விரலால் காட்டுவாள். எனக்கு அவளைப் பிடிக்காது. ஆனால் பலகை எல்லாக் கதவுக்கும் போனது.

பென்டில் ஹில் வீட்டுக்காரரும் ஸ்ருட்கார்ட்டில் இருந்தவர். அங்கே பிரஜாவுரிமை எடுத்துவிட்டு சிட்னிக்கு வந்தபோது அப்படி ஒரு பலகையையும் கொண்டுவந்தார். வருகிற எல்லோருக்கும் காட்டி, "இதுதான் ஜேர்மன் ஒழுங்கு" என்பார். அந்த வீட்டில் மூன்று கதவு. ஒன்று என்னுடையது, ஒன்று முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மதுரைக்காரருடையது, மேலே அவரும் மனைவியும். பலகை எங்கள் இரண்டு கதவிலும் மாறி மாறித் தொங்கியது. பதினாலு மாதத்தில் ஒரு தடவைகூட மேலே ஏறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் விருந்து. நான் பலகையைக் கொண்டுபோய் அவருடைய கதவில் கொழுவினேன்.

"ஆர் இதை இஞ்ச கொழுவினது?"

"நான்தான் அண்ணை. இந்தக் கிழமை உங்கட முறை."

விருந்துக்கு வந்த அங்கிள் ஒருவர் சிரித்துவிட்டார். "சரிதானே, தும்புத்தடியை எடுத்துக் கூட்டுமன்."

வீட்டுக்காரருக்கு முகம் சிவந்தது. "இது என்ர வீடு."

"அங்கயும் அது அந்த மனிசியின்ர வீடுதான். அவ கூட்டினவ."

"நீயும்தானே கூட்டினனி, ஒன்பது வருசம். உன்னை அங்க வைச்சிருந்தவங்களோ?"

ஸ்ருட்கார்ட்டில் என் அகதி மனு தோற்று, பொலிஸ் வந்த காலை பலகை என் கதவில்தான் தொங்கியது. முதல் நாள் நான் துடைத்த மாடிப்படி வழியாகத்தான் என்னை இறக்கிக்கொண்டு போனார்கள். சொந்தக்காரி மேலிருந்து வந்தாள். பலகையைக் கழற்றிப் பக்கத்துக் கதவில் மாட்டினாள். அந்த நகரத்தின் ஒழுங்கு அவ்வளவுதான். இலங்கைக்கு அனுப்பினார்கள், பிறகு படகில் இங்கே வந்தேன். இதையெல்லாம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நானே அவருக்குச் சொல்லியிருந்தேன். அதை எடுத்துத்தான் என்னைக் குத்தினார்.

"வெளிக்கிடு," என்றார். "தும்புத்தடி பிடிக்கக்கூட உன்னை வேற ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்."

பையைக் கட்டினேன். பலகையை அவருடைய கதவிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ரயில் பாதை ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது மதுரைக்காரர் போனில் வந்தார்.

"அண்ணே, பலகை இப்ப என் கதவுல."

"கழட்டித் திருப்பி அவற்ற கதவில போடும்."

"போட்டா நானும் உங்க பின்னாடியே மூட்டையோட நடக்கணும். ஏதாவது ரூம் கிடைச்சா சொல்லுங்கண்ணே."

"ஓம்," என்றேன். அவர்மேலும் கோபம் வந்தது. நியாயமில்லை என்று தெரிந்தும் வந்தது.

அன்று கராஜில் படுத்தேன். காலை ஆறு மணிக்குச் சிநேகிதன் என்னை லொறிகள் வந்து போகும் ஒரு யார்ட்டுக்குக் கூட்டிப்போனான். சூப்பர்வைசர் விசாக் கடிதத்தைப் பார்த்தான், என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தான், ஒரு அகலத் தும்புத்தடியை நீட்டினான். மரச் சிராய், ஆணி, கிழிந்த பிளாஸ்டிக், எண்ணெய். இங்கே பலகையும் இல்லை, முறையும் இல்லை. தினமும் நான்தான், அதற்குத்தான் சம்பளம். கோபம் இன்னும் ஆறவில்லை. வாசலில் இருந்து கூட்டத் தொடங்கினேன்.