வெந்நீர் ஊற்றினால் கஞ்சி

சென்ற வாரம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண் ஒரு காகிதக் குவளையின் மூடியைக் கிழித்து வெந்நீர் ஊற்றினாள். "சாமைக் கஞ்சி சார், மூணே நிமிஷம்" என்றாள். வறுத்த சாமையின் வாசனை மேசையைத் தாண்டி வந்தது. நான் ஏதோ ஃபைலைத் தேடுகிறவன்போல எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டேன். நாற்பதைத் தாண்டிய ஒருவன் கஞ்சி வாசனைக்குப் பயந்து ஓடுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

எங்கள் கள்ளக்குறிச்சியில் அந்த மூன்று நிமிஷத்தை முதலில் யோசித்தவர் பரிமளா அக்கா. அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர். சர்க்கரை வந்தபிறகு வழிக்கடைப் பரோட்டா கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா கல்வராயன் மலைச் சாமையை வறுத்து உடைத்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினார். எந்த டீக்கடையிலும் வெந்நீர் கிடைக்கும். ஊற்றி மூடிவைத்தால் கஞ்சி. அவ்வளவுதான் யோசனை. கூட ஓட்டுகிறவர்கள் எனக்கு இரண்டு, எனக்கு நான்கு என்று கேட்கத் தொடங்கியதும், சேலம் சாலையில் ஒரு பழைய நெல் கிடங்கை வாடகைக்குப் பிடித்துவிட்டார்.

நான் பி.காம். முடித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். சாமை வாங்கிவருவது என் வேலை. மற்ற நேரத்தில் பழுதான வேனைத் தள்ளுவதும் என் வேலை. வறுக்கும் வாசனை சட்டையில் ஏறிக்கொண்டு போகாது. பேருந்தில் ஒரு பெரியவர், "சமையலுக்குப் போய்க்கினு இருக்கியாப்பா?" என்று கேட்டதற்கு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பட்டதாரி அல்லவா!

பொட்டலத்தில் ஒட்டும் தாளுக்கு மலைப் படம் வரைந்ததும் நான்தான்.

"இன்னாப்பா இது, ஒட்டகம் படுத்துக்கினு இருக்கு?" என்றார் அக்கா. ஆனாலும் அதையே அச்சடித்தார். கீழே ஒரு வரி மட்டும் அவர் சொல்லி நான் எழுதியது: 'கல்வராயன் மலைச் சாமை மட்டும்.'

மூன்றாம் வருஷம் சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் ஆட்கள் இரண்டு பேர் காரில் வந்தார்கள். பொட்டலத்தின் பெயரைக் கொடுத்துவிட்டால் போதும், எல்லாவற்றையும் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அக்கா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, "வூட்ட வித்துட்டு அதே வூட்ல வாடகைக்கு இருன்றாங்கப்பா" என்று சிரித்தார். அவ்வளவு நிம்மதியான சிரிப்பை அதற்குப் பிறகு நான் எங்கேயும் கேட்கவில்லை.

மாதம் ஒருமுறை சாமை வாங்கக் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போவேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தால் எனக்கு வாந்தி வரும். நடத்துநரே எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். மேலே வெள்ளையன் என்ற விவசாயி, அக்கம்பக்கத்துக் காட்டுச் சாமையையும் சேர்த்து மூட்டை கட்டிக் காத்திருப்பார். ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்து, "கைய வுட்டுப் பாருங்க, அப்பறம் தூக்குங்க" என்பார்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. ஒரு மாணவர் விடுதி, காலை உணவுக்கு எங்கள் கஞ்சியைக் கேட்டிருந்தது. அதுவரை வராத பெரிய ஆர்டர். அக்கா என்னை மலைக்கு அனுப்பினார். நான் கச்சிராயபாளையம் வரை போனேன். மழை, வளைவு, வாந்தி எல்லாம் நினைவுக்கு வந்தன. திரும்பிச் சின்னசேலத்துக்குப் பேருந்து ஏறி, ஒரு தரகரிடம் மூட்டைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே சூடாக, ஈரமாக இருந்தது. வறுத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வறுக்கிற அஞ்சலை மூக்கைச் சுளித்தார். "பூசண நாத்தம் அடிக்குதே தம்பி?"

"மழை ஈரம்தான்க்கா. வறுங்க."

வறுத்தார்கள். மலைப் படத்தை ஒட்டினோம்.

நான்காம் நாள் விடுதிப் பிள்ளைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அதை மட்டும் இப்போதும் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். அதிகாரிகள் கிடங்குக்குச் சீல் வைத்தார்கள். மலைச் சாமையால் மாணவர்கள் மயக்கம் என்று செய்தி வந்தது.

அக்கா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மலைக்குப் போனியா நீ?"

"போனேன்க்கா."

மறுநாள் அவரே மலைக்குப் போய்விட்டு, சாயங்காலப் பேருந்தில் நனைந்து திரும்பினார். கிடங்கு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோறு துன்னியா?" என்றார். நான் தலையாட்டினேன். "நாளைலேர்ந்து வராதப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதிகாரிகளிடம், சாமையைத் தானே பார்த்து வாங்கியதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். இது எனக்கு வெகுநாள் கழித்து அஞ்சலை சொல்லித்தான் தெரியும். அதற்குள் நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, சட்டை வாசனையெல்லாம் போனவனாகியிருந்தேன்.

போன தை மாதம் ஊருக்குப் போனேன். கிடங்கு இருந்த இடத்தில் டயர் கடை. அக்கா சில காலம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கூலிக்குப் போனாராம். வீட்டுக்காரர் இறந்த பிறகு மகளோடு எங்கோ போய்விட்டார். எந்த ஊர் என்று அஞ்சலைக்கும் தெரியவில்லை. பழைய எண்ணுக்கு அழைத்தேன். யாரோ ஒருவர் எடுத்து, தப்பான நம்பர் என்றார்.

மலைக்கும் போனேன். வெள்ளையன் என்னைப் பார்த்ததும் கட்டிலை இழுத்துப் போட்டார். காடெல்லாம் மரவள்ளி நின்றது.

"தப்பு என்னுதுங்க" என்றேன்.

"தெரியுங்க. அந்தம்மா அன்னிக்கி ஒண்ணுமே சொல்லல. இங்கதான் குந்திக்கினு அழுதுச்சு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதுக்கப்பறம் மலச்சாமன்னா எந்த யாவாரியும் எடுக்கலிங்க. ரெண்டு வருசம் பாத்தோம். யாருக்குன்னு வெதைக்கறது?"

"விதைக்காவது கொஞ்சம் வெச்சிருக்கீங்களா?"

அவர் மரவள்ளிக் காட்டைப் பார்த்தார். "அதயும் ஆக்கித் துன்னுட்டோங்க."