இரவல் தகப்பன்

கோலாப் மியாவுக்கு ஒரே மகன். அந்த மகனுக்குத் தகப்பன் பெயர் தோபாரக் ஹோசேன். இதைக் கேட்டு யாராவது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் அவர் எங்கள் பக்கத்து ஆளில்லை என்று அர்த்தம்.

எங்கள் போல்டாங்காவுக்கு நான்கு பக்கமும் இந்தியா. வரப்பைத் தாண்டினால் கூச்பிஹார் ஜில்லா, தின்ஹாட்டா சந்தை, அரசு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. வரப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிற கொஞ்சம் வயலும் மூங்கில் புதர்களும் குடிசைகளும் மட்டும் கணக்கில் வேறு நாடு. முதலில் பாகிஸ்தான் என்றார்கள், பிறகு வங்காளதேசம் என்றார்கள். இப்படித் துண்டாய்க் கிடக்கிற நிலத்துக்கு ‘சிட்’ என்று பெயர். அந்த வேறு நாட்டிலிருந்து ஒரு தபால்காரன்கூட எங்களை எட்டிப் பார்த்ததில்லை. சுற்றி நின்ற இந்தியாவோ எங்களை அந்நியர் என்றது. பிடித்தால் ஜெயில். சுதந்திரம் வந்துவிட்டது என்று ஊர் உலகமெல்லாம் கொடியேற்றி மிட்டாய் தின்ற அத்தனை வருஷமும் நாங்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தோம். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கோலாப்பின் மனைவி மொய்னாவுக்கு இடுப்பு வலி எடுத்தபோது குழந்தை குறுக்கே கிடந்தது. பிரசவம் பார்க்கிறவள் கையை விரித்துவிட்டாள். தின்ஹாட்டா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கேட்கிற முதல் கேள்வியே புருஷன் பெயர் என்ன, ஊர் என்ன என்பதுதான். போல்டாங்கா என்று சொன்னால் டாக்டருக்கு முன்னால் போலீஸ் வரும். அதனால் சிட்டில் இருக்கிற பெண்களெல்லாம் பிரசவத்துக்கு வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனை இரவல் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். வெட்கப்பட நேரமேது?

கோலாப்போடு சின்ன வயதில் ஓடையில் மீன் பிடித்தவன் தோபாரக். வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரன். விஷயம் தெரிந்ததும் தட்டுவண்டியை அவனே மிதித்துக்கொண்டு வந்துவிட்டான்.

“என் பேரச் சொல்லிக்கடா. பேருதானே, தேஞ்சா போயிடும்?”

ஆஸ்பத்திரிக்குள்ளே தோபாரக் போனான். கோலாப் வாசலில் டீக்கடையோரம் நின்றான். உள்ளே போனால் நீ யார் என்று கேட்பார்கள். விடியற்காலையில் நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து தோபாரக்கின் கையில்தான் கொடுத்தாள். அவன் வெளியே ஓடிவந்து, “ஆம்பளப் புள்ளடா! மூக்கு அப்படியே உன்னுது. பாவம், அதுக்கு என்ன செய்றது” என்றான். கோலாப் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

குழந்தைக்கு ஷாஹானூர் என்று பெயர் வைத்தார்கள். தகப்பன் தோபாரக் ஹோசேன், தாய் மொய்னா பீபி என்று ஆஸ்பத்திரியில் எழுதியதே பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று. மொய்னா எந்த நாட்டுக் கணக்கிலும் அம்மாதான். கோலாப் எந்தக் கணக்கிலும் இல்லை.

பையன் பேசப் பழகிய காலத்தில், “அப்பா!” என்று கத்திக்கொண்டு வாசலில் ஓடிவருவான். மொய்னா பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்துவாள்.

“சாச்சா. சாச்சான்னு சொல்லு.”

“வீட்டுக்குள்ளயாவது கூப்பிடட்டுமே” என்பான் கோலாப்.

“வீட்ல பழகின நாக்கு பள்ளிக்கூடத்துல சும்மா இருக்குமா? நாலு பேருக்கு முன்னால உளறிட்டான்னா அவன் படிப்பும் போச்சு, தோபாரக் பாயும் உள்ள போவாரு. பேசாம இருங்க நீங்க.”

அவள் கை அழுந்திய இடம் பையனின் கன்னத்தில் சிவந்திருக்கும். கொஞ்ச நாளில் பையன் பெற்ற தகப்பனைச் சாச்சா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடப் பழகிவிட்டான். கோலாப்தான் பழகவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து அன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்றுவார்கள். பெற்றோருக்கு நாற்காலி போட்டிருக்கும். தோபாரக் எண்ணெய் தடவித் தலைசீவி அதில் உட்காருவான். கோலாப் வரப்பில் நிற்பான். பாட்டுச் சத்தம் காற்றில் விட்டுவிட்டு வரும். நூறு குரலில் தன் பிள்ளையின் குரலைப் பிரித்தெடுக்கப் பார்ப்பான். பையன் திரும்பி வரும்போது பாதி ஜிலேபியைக் காகிதத்தில் மடித்து எடுத்து வருவான்.

“சாச்சா, இந்தா. ஒனக்கு.”

அந்த ஜிலேபியை மென்று விழுங்க கோலாப்புக்கு வெகுநேரம் ஆகும்.

ஒவ்வொரு அறுவடைக்கும் கோலாப் போய் தோபாரக்கின் வயலை அறுத்துக் கொடுத்தான். தோபாரக் கேட்டதேயில்லை. “எதுக்குடா இதெல்லாம்? புள்ளய நானா வளக்கறேன்?” என்று திட்டுவான். அந்தப் பேச்சு கோலாப்புக்கு நெஞ்சில் இதமாக இருக்கும். அதைக் கேட்கத்தான் போனானோ என்னவோ.

பையன் நன்றாகப் படித்து ரயில்வே பரீட்சை எழுதித் தேறி அலிபுர்துவாரில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தச் சமயத்தில்தான் இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து வந்து சிட்டில் தலை எண்ணினார்கள். பிள்ளைகள் எத்தனை என்று கோலாப்பிடம் கேட்டார்கள். ‘ஒரு பையன், ரயில்வேயில் இருக்கிறான்’ என்று சொன்னால் அந்நியன் மகன் பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தான் என்று ஆகிவிடும்.

“இல்லீங்க” என்றான்.

“அல்லா குடுக்கலியா, மியா?” என்று அதிகாரி நிஜமாகவே பரிதாபப்பட்டார்.

அன்றைக்கு மொய்னா அடுப்புப் பற்றவைக்கவில்லை.

பிறகு ஒருவழியாக, நாடு விடுதலை பெற்று அறுபத்தெட்டு வருஷம் கழித்து, எங்கள் ஊருக்கும் விடுதலை வந்தது. இரண்டு நாடுகளும் நிலத்தை மாற்றிக்கொண்டன. போல்டாங்கா இந்தியா ஆயிற்று. மெழுகுவர்த்தி ஏற்றி, பட்டாசு வெடித்து, மூங்கிலில் மூவர்ணக்கொடி ஏற்றினோம். சிலர் இனி கரண்டு வரும் என்றார்கள். சிலர் ரோடு வரும் என்றார்கள். கோலாப் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். அவனுக்கு ரோடும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். கொஞ்ச மாதத்தில் பையனுக்குக் கல்யாணம். நிக்காஹ் சபையில், ‘கோலாப் மியாவின் மகன் ஷாஹானூர்’ என்று காஜி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாலு பேர் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்ட சுதந்திரம்.

பையன் லீவில் வந்தபோது கோலாப் மெல்லப் பேச்செடுத்தான்.

“இப்பதான் நானும் இந்தியன் ஆயிட்டேனே. பேர மாத்திக்க முடியாதாப்பா?”

ஷாஹானூர் தலை குனிந்திருந்தான். “கூச்பிஹார்ல வக்கீலக் கேட்டேன், சாச்சா. மாத்தணும்னா இத்தன நாளு சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுக்கணுமாம். வேல போயிடும். கேஸும் வரலாமாம்.”

“வேண்டாம், வேண்டாம். வேல முக்கியம்.”

“ஆனா சபையில சொல்ல வைக்கறேன். எழுதறது தோபாரக் சாச்சா பேரா இருக்கட்டும். வாயால சொல்றது ஒங்க பேரு. காஜிகிட்ட பேசிட்டேன். பொண்ணு வீட்டுக்கும் எல்லாம் தெரியும். நம்ம ஜனங்கதானே.”

கோலாப் அடுத்த சந்தையிலேயே வெள்ளை பஞ்சாபி ஜிப்பா வாங்கிவிட்டான். மொய்னா கேலி செய்தாள். “மாப்பிள்ள யாருன்னு ஜனங்க கொழம்பிடப் போறாங்க!”

தூபான்கஞ்சில் பெண் வீட்டில் கல்யாணம். பெண் பெயர் லவ்லி. கோலாப் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் தோபாரக். “இன்னிக்கு எனக்கு ரிட்டயர்மென்டுடா, பிரியாணியோட” என்று அவன் காதில் கிசுகிசுத்தான். பேரீச்சம்பழத் தட்டும் சர்க்கரை மிட்டாய்த் தட்டும் வந்து இறங்கின. காஜி தொண்டையைச் செருமினார்.

அந்த நேரம் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஷாஹானூரின் மேலதிகாரி சக்கரவர்த்தி பாபு, கையில் பெரிய பரிசுப் பொட்டலத்தோடு, ஆபீஸ் ஆட்கள் நாலைந்து பேரோடு இறங்கினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. நல்ல மனுஷர். தனக்குக் கீழே வேலை பார்க்கிற பையன் கல்யாணத்துக்கு அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அவரை நாற்காலி போட்டு மாப்பிள்ளைக்கு எதிரிலேயே உட்கார வைத்தார்கள். “தோபாரக் ஸாஹேப் யாரு? பையனப் பெத்தவரப் பாக்கணுமே!” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தோபாரக் எழுந்து கும்பிட்டான். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

காஜி பேனாவைத் திறந்தார். இரண்டு பெயரும் தெரிந்தவர்தான். ஆனாலும் இப்போது எதைச் சொல்வது என்று தெரியாமல் சபையைப் பார்த்துக் கேட்டார்.

“மாப்பிள்ளையோட தகப்பனார் பேரு?”

ஷாஹானூர் தலையை நிமிர்த்தி கோலாப்பைப் பார்த்தான். உதடு துடித்தது. அவன் சொல்லிவிடுவான் என்று கோலாப்புக்குத் தெரிந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று இதோ சொல்லிவிடப் போகிறான். அந்த ஒரு கணத்துக்குக் கோலாப் உயிரையே கொடுத்திருப்பான். ஆனால் போகப்போவது தன் உயிர் இல்லையே, பிள்ளையின் சோறு.

கோலாப் முந்திக்கொண்டான். சபை முழுக்கக் கேட்கிற மாதிரி, கணீரென்று சொன்னான்.

“தோபாரக் ஹோசேன்.”

காஜி சொன்னார். சாட்சிகள் போய்ப் பெண்ணிடமும் அதையே சொல்லிச் சம்மதம் வாங்கி வந்தார்கள். பேரீச்சம்பழத்தை வாரி இறைத்தார்கள். சக்கரவர்த்தி பாபு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கோலாப்பிடம் அன்பாகக் கேட்டார்.

“நீங்க பையனுக்கு என்ன வேணும்?”

“பக்கத்து ஊருங்க, பாபு. சாச்சா முறை.”

தோபாரக் துண்டால் முகத்தைத் துடைக்கிற பாவனையில் அழுதுகொண்டிருந்தான்.

மாப்பிள்ளை பெரியவர்கள் காலைத் தொட்டு சலாம் சொல்லும் நேரம் வந்தது. ஷாஹானூர் முதலில் தோபாரக்கின் காலைத் தொட்டான். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறார், அதுதான் முறை. பிறகு கோலாப்பிடம் வந்து குனிந்தான். குனிந்தவன் எழவில்லை. புதுத் தலைப்பாகை கோலாப்பின் முழங்காலில் இடித்தது. பாதத்தில் சூடாகச் சொட்டியது.

“அப்பா” என்றான். அவ்வளவு மெதுவாக. “அப்பா, அப்பா.”

இருபத்தைந்து வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதது இதற்காகத்தான். கோலாப்புக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தான். குனிந்து, மகனைத் தூக்கி நிறுத்துகிற சாக்கில், அவன் வாயைத் தன் கையால் அழுத்திப் பொத்தினான்.

“சாச்சா” என்று அவன் காதில் சொன்னான். “சாச்சான்னு சொல்லு.”