சந்தனம் வைத்த கேசட்

எனக்குக் கோபம் அதிகம் என்பது எங்கள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் மூன்று மாடிக்கும் தெரியும். இஸ்திரிக்காரர்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணி இருக்கிறதா என்று கேட்பார். ஆனால் அது வந்த வேகத்தில் போய்விடுகிற கோபம். ஒரே ஒரு கோபத்தை மட்டும் முழுசாக ஒரு வருடம் அடைகாத்தேன். காரணம் ஒரு கேசட். 'போயும் போயும் ஒரு கேசட்டுக்கா?' என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. ஆமாம், கேசட்டுக்குத்தான்.

தில்லியில் மெட்ரோவுக்காகச் சாலைகளைத் தோண்டிப் போட்டிருந்த வருடங்கள் அவை. நான் ஓர் அமைச்சகத்தில் ஸ்டெனோ. அதிகாரிகள் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, தட்டச்சு செய்து, அவர்கள் கையெழுத்துக்கு நீட்டுவது என் பிழைப்பு. பதினெட்டு வருடத்தில் எத்தனை பக்கம் அடித்திருப்பேனோ, அதில் ஒரு வரி என்னுடையது கிடையாது. காற்புள்ளி இடம் மாறினால்கூட 'நான் அப்படியா சொன்னேன்?' என்று கேட்பார்கள்.

மேல் மாடியில் இருந்த தமிழ்க் குடும்பத்துக்கு மாற்றல் வந்தது. சாமான் கட்டுகிற அவசரத்தில் அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் பையோடு இறங்கி வந்தார். உள்ளே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, மேலே வரிசையாக ரப்பர் பொத்தான்கள். டிவியில் சொருகினால் கம்ப்யூட்டர் ஆகிவிடுமாம். அவருடைய தம்பி முன்னொரு காலத்தில் லண்டனிலிருந்து கொண்டுவந்தது.

"பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரன்ட்ட போடலாம்னு பாத்தேன். உங்க பொண்ணு விளையாடுவாளான்னு தோணுச்சு" என்றார்.

பொண்ணு விளையாடுவாளா என்று தோன்றியதே, எதிரில் நிற்கிறவளுக்கு வேண்டுமா என்று தோன்றியதா? அதிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்குத்தான் வேணும்" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டேன். அதுவரை எனக்கு அப்படி ஓர் ஆசை இருந்ததா என்று கேட்டால், இல்லை. வீம்பில் வாங்கியது.

என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. தில்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், அதில் பாதி ஹிந்தியாக இருக்கும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பெட்டியை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "மௌஸ் எங்கேம்மா? இன்டர்நெட்டும் இல்லைன்னா இதுல ஃபாய்தா க்யா?" என்று கேட்டாள். அதனால் என்ன பயன் என்று எனக்கும் தெரியவில்லை.

கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினேன். பரணிலிருந்து பழைய கறுப்பு வெள்ளை டிவியை இறக்கினேன். டிவிக்குப் பின்னால் ஆன்டெனா சொருகும் ஓட்டையில் பெட்டியின் வயரைச் சொருகி, சேனல் திருகியை நூல் நூலாகத் திருப்ப வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெறும் இரைச்சல்தான். மூன்றாவது ஞாயிறு, வெள்ளைத் திரையில் கீழ் மூலையில் ஒரு வரி ஆங்கிலம் வந்து நின்றது. இத்தனைக்கும் அந்தப் பெட்டிக்கு ஞாபகம் என்பதே கிடையாது. மின்சாரத்தை நிறுத்தினால் அடித்ததெல்லாம் போச்சு. வேண்டுமென்றால் சாதாரண டேப் ரெக்கார்டரை மாட்டி, பாட்டைப் பதிவு செய்வதுபோல கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டும்.

டேப் ரெக்கார்டரையும் பெட்டியையும் இணைக்கிற வயர் வாங்க ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர், "பேட்டே கா ப்ராஜெக்ட் ஹை க்யா, மேடம்?" என்று கேட்டார். எனக்கு மகனே கிடையாது. "மேரா ஹை", என்னுடையதுதான் என்றேன். அவர் உடனே திரும்பி, எனக்குப் பின்னால் காய்கறிப் பையோடு நின்றிருந்த என் வீட்டுக்காரரிடம் எந்த வயர் எதில் போக வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். இவரும் எல்லாம் புரிந்தவர்போலத் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார். பல்பு மாட்டக்கூட ஆள் கூப்பிடுகிறவர்.

வயர் வந்தும் வேலை நடக்கவில்லை. கேசட்டில் பதிந்ததைத் திரும்ப ஓட்டினால் காது கிழிகிற மாதிரி ஒரு கீச்சொலி, திரையின் ஓரத்தில் கோடு கோடாக ஓடும், கடைசியில் 'டேப் லோடிங் எரர்' என்று வந்து நிற்கும். ஒலியைக் கூட்டினால் எரர், குறைத்தால் எரர். என் வீட்டுக்காரருக்கு அது நல்ல பொழுதுபோக்கு. "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். உன் டப்பா கதையும் அதான்" என்பார். அவருக்கு அது டப்பா, எப்போதும் டப்பா. கடைசியில் டேப் ரெக்கார்டரில் டேப்பைப் படிக்கிற தலைக்குப் பக்கத்தில் இருக்கிற பொடி திருகாணியைக் கால் சுற்று திருப்பியதும் சரியாயிற்று. ஆபீஸ் இன்டர்நெட்டில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்ததை மதிய இடைவேளையில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு வீட்டில் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. இவர் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே பக்கத்தில்தான் இன்னொன்றும் படித்தேன். அந்தப் பெட்டியில் இருபத்தோரு எழுத்துகளை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, எந்தக் கட்டம் கறுப்பு என்று ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். எட்டு வரிசை, எட்டு எண், ஓர் எழுத்து. படித்த அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். தமிழ் எழுத்து போடப்போகிறேன்.

சொல்வது சுலபம். அ என்பதை எட்டுக் கட்டத்துக்குள் அடக்கிப் பாருங்கள், தெரியும். வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடும். உ, ஈ, எ மூன்றும் ஒரு கட்டத்தில் உட்கார்ந்தன. மற்ற ஒன்பதுக்கும் இரண்டிரண்டு கட்டம் தேவைப்பட்டது. கூட்டிப் பார்த்தால் சரியாக இருபத்தொன்று. உயிரெழுத்து பன்னிரண்டும் அடங்கிவிட்டது. மகளின் கிராஃப் நோட்டிலிருந்து கிழித்த ஒரே தாளில் பென்சிலால் வரைவேன், எண்ணை அடிப்பேன், கேசட்டில் பதிவேன், ரப்பரால் அழித்துவிட்டு அதே தாளில் அடுத்த எழுத்து. ஆபீஸில் குண்டூசியைக்கூடத் திருப்பி வைத்துப் பழகின சிக்கனம். நான்கு மாதம் ஆனது. ஐ மட்டும் பதினொரு தடவை வரைந்தேன்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கேபிள் போன ஒரு சனிக்கிழமை மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் திரை முழுக்க அ. இன்னொன்றை அழுத்தினால் ஆ. "யே கௌன்ஸா லெட்டர்மா?", இது எந்த எழுத்து என்று கேட்டுக் கேட்டு அழுத்தினாள். நான் தமிழ்ப் பாடப் புத்தகம் வாங்கி வைத்துக் கெஞ்சியபோது வராதவள். இரண்டு வாரத்தில் ஆறு எழுத்து தெரிந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அதில் எங்கே எங்கே உ இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள். இவரிடமும் சொன்னேன். அன்றைக்கு முதல்முறையாக இவர் டப்பா என்று சொல்லவில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் புத்தகங்களையும் வேலைக்கான சாமான்களையும் சுத்தம் செய்து, சாமி முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைப்பது எப்போதும் நான்தான். அந்த வருடம் அன்றைக்கென்று பார்த்து என் அதிகாரிக்கு ஒரு அவசர நோட் அடிக்க வேண்டியிருந்தது. "ஜஸ்ட் ஒன் அவர்" என்று கூப்பிட்டவர் நாள் முழுக்க உட்கார வைத்தார். அவருக்கென்ன பூஜையா, புனஸ்காரமா. வீட்டுக்கு போன் செய்து, பூஜையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவரிடம் சொன்னேன்.

ஆறு மணிக்கு உள்ளே நுழைந்தால் வீடு மணக்கிறது. மகளின் புத்தகங்கள், இவருடைய பேனா, என் சுருக்கெழுத்து நோட்டு, எல்லாவற்றுக்கும் நடுவில், பட்டுத் துண்டு விரித்து, என் பெட்டி. அதற்கு முன்னால் கேசட்டைக் குத்துக்கல்லாக நிறுத்தி வைத்திருந்தார். டேப் வெளியே தெரிகிற திறந்த பக்கம் நம்மைப் பார்த்து இருந்தது. அந்த டேப்பின் மேலேயே கட்டியாக மூன்று பொட்டுச் சந்தனம், அதன் மேல் குங்குமம். சந்தனம் ஈரமாக இருந்தது. உள்ளே வழிந்துகொண்டிருந்தது.

"என்னங்க, இதுல யாரு சந்தனம் வச்சது?"

"நான்தாம்ளா. அந்தப் பக்கம்தான அதுக்கு மூஞ்சி? நல்லா அரைச்ச சந்தனம்" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நான் கையை நீட்டினேன். அவர் பதறிப்போய், "தொடாத, தொடாத. சாமிக்கு வச்சாச்சு. காலைல மறுபூஜை முடிஞ்சு எடுத்துக்கிடலாம்" என்றார்.

கை அப்படியே நின்றது. பூஜையில் வைத்ததைத் தொட்டால் படிப்பு வராது என்று சின்ன வயதிலிருந்து காதில் ஏறியிருக்கிறது. மகள் வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, சுண்டலைத் தாளிக்கப் போனேன்.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்து கேசட்டை எடுத்தேன். சந்தனம் காய்ந்து டேப்போடு ஒட்டிப் போயிருந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். சந்தனத்தோடு டேப்பின் பழுப்புப் பூச்சும் சேர்ந்து வந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒரு நப்பாசையில் ரெக்கார்டரில் போட்டு ரிவைண்டை அழுத்தினேன். மோட்டார் முனகியது, டேப் நூலாக இழுபட்டது, உள்ளே குங்குமம் அரைபடுகிற சத்தம் கேட்டது, அறுந்தது. எழுத்துகள் அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருந்தன. இன்னொரு பிரதி எடுத்து வை என்று அந்த இன்டர்நெட் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படிக்காமல் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டது நான்.

"சரி விடு, வேற கேசட் வாங்கித் தாரேன்" என்றார் இவர்.

நான் கத்தியதை மூன்று மாடியும் கேட்டிருக்கும். நல்லது செய்யப்போய்ப் பொல்லாப்பு என்று அவர் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்கு அதுதான் இன்னும் எரிந்தது. அவர் கேலி செய்தபோதெல்லாம் ஒன்றும் ஆகாத என் எழுத்து, அவர் மதித்துப் பொட்டு வைத்த அன்றைக்குப் போனது. இதை எங்கே போய்ச் சொல்ல? எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாவிடம் சொன்னால், "சந்தன் தோ சுப் ஹோத்தா ஹை" என்கிறார். சந்தனம் மங்களமாம்.

மகள் அறுந்த டேப்பைப் பார்த்தாள். "அச்சா, ஜானே தோம்மா", போனால் போகட்டும் என்று என் தோளைத் தட்டிவிட்டு டிவி பார்க்கப் போனாள். ஆறு எழுத்தோடு அவள் தமிழ் நின்றது. பெட்டி பரணுக்குப் போனது.

இவர் மேல் இருந்த கோபம் பத்து நாளில் தணிந்துவிட்டது, உண்மையைச் சொன்னால். தெரியாமல் செய்தார். எனக்குத் தெரியுமே. ஆறு மணிக்கு அது ஈரமாக இருந்தது. முந்தானையால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான், மிஞ்சிப்போனால் ஓர் எழுத்து போயிருக்கும். தெரிந்தே நின்றேன். அதிகாரி உட்கார் என்றால் உட்கார்ந்தேன், இவர் தொடாதே என்றால் தொடவில்லை. இதை நினைத்து அந்த வருடம் எத்தனை நாள் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன் என்பது அந்தச் சமையலறைக்குத்தான் தெரியும்.

அடுத்த வருடம் சரஸ்வதி பூஜை. காலையிலேயே பரணில் ஏறிப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். பூஜைக்குத்தான் இறக்குகிறேன் என்று நினைத்து இவர் பட்டுத் துண்டை எடுத்து வந்தார். நான் நேராக டிவியில் சொருகி, கிராஃப் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். புதுத்தாள். இனிமேல் அழிப்பதாக இல்லை. பழைய எண்கள் ஒன்றும் நினைவில் இல்லை. அ-வை மறுபடி முதலிலிருந்து வரைந்து அடித்தேன். பழைய அ இதைவிட அழகு.

இவர் வாசற்படியில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

"இன்னைக்குப் புத்தகத்தையே தொடப்பிடாது. நீ எழுதிக்கிட்டு இருக்க. சாமி கோவிச்சுக்கிட மாட்டாளா?" என்றார், மெதுவாக.

"கோவிச்சுக்கிடட்டும். நான் ஒரு வருஷமாக் கோவிச்சுக்கிட்டுதான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஆ-வின் முதல் எண்ணை அடித்தேன்.