கணப்புச் சட்டி

அவள் கறி வெட்டுகிறவள். சந்தைக்குள் வரிசையாக இருக்கும் இறைச்சிக் கடைகளில் கடைசிக் கடை அவளுடைய இடம். முதலாளி கல்லாவில் உட்காருவதோடு சரி. தொங்குகிற ஆட்டை இறக்கி, முதுகெலும்பை இரண்டாகப் பிளந்து, தொடையை ஒரே வெட்டில் கட்டையில் சாய்ப்பது அவள்தான். எல்லாருக்கும் அவள் கறிக்கடை அக்கா. கத்தி இறங்கும் சத்தம் சந்தை வாசல் வரை கேட்கும். அவள் கன்னம் வீங்கியிருக்கிற நாட்களில் இன்னும் கொஞ்சம் தூரம் கேட்கும்.

வீக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு எதற்கு வீட்டில் அடி வாங்குகிறாய் என்று. கேட்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? ஆட்டுக்கு உயிர் போன பிறகுதான் அது அவள் கைக்கு வருகிறது. உயிரோடு எதிரே நின்று கத்துகிறவனை, ஒரே படுக்கையில் படுக்கிறவனை, பிள்ளைக்கு அப்பனை, வெட்டுக்கட்டை மேல் தூக்கி வைக்க முடியுமா? இது புரியாதவர்களிடம் அவள் வாயைக் கொடுப்பதில்லை. எலும்பைக் கூடுதலாகச் சேர்த்து எடை போட்டு அனுப்பிவிடுவாள்.

புருஷன் வெல்டர். கேட், கிரில், இரும்புக் கட்டில் எல்லாம் செய்வான். வேலையில் கெட்டிக்காரன் என்பதை எதிரிகூட ஒத்துக்கொள்வான். அவர்கள் பனி கொட்டும் நாட்டிலிருந்து வந்தவர்கள். அங்கே அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். வெயில் நாட்டில் வருஷம் முழுக்க வேலை இருக்கிறது என்று கூட்டாளி ஒருவன் சொன்னதும் மூட்டை கட்டச் சொன்னான். கம்பளிக் கோட்டு, பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய்ப் போர்வை, பூட்ஸ் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் வாரிக் கொடுத்தான். பிள்ளையின் கோட்டை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னதற்கு ஓர் அறை விட்டான். வெயிலுக்குப் போகும்போது கோட்டைக் கட்டிக்கொண்டு அழுகிற முகரையைப் பார் என்றான். அவர்களுடைய புது வாழ்க்கை இப்படித்தான் ஆரம்பித்தது.

கோடை முழுக்க அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. பிறகு குளிர்காலம் வந்தது.

வெயிலுக்கென்று கட்டிய வீட்டில் குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். தரையெல்லாம் டைல்ஸ். காலை வைத்தால் உச்சந்தலை வரை சுரீர் என்று ஏறும். ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகள், ஒன்றோடொன்று சேரவே சேராது. கதவுக்கு அடியில் பூனை நுழைகிற அளவு சந்து. காற்று வரட்டும் என்று கொத்தனார் பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தார். காற்றும் மரியாதையாக வந்தது. பனி நாட்டில் சுவரோடு சேர்த்துக் கட்டிய அடுப்பு வீட்டுக்குள் எரிந்துகொண்டே இருக்கும். வெளியே முழங்கால் அளவு பனி கிடந்தாலும் உள்ளே பனியனோடு திரியலாம். இங்கே பத்து மணிக்குத் தெருவில் வெயில் அடிக்கும், வீட்டுக்குள் மூச்சு விட்டால் ஆவி பறக்கும்.

பனி நாட்டுக்காரிக்கே குளிருகிறதா என்று சந்தையில் கேலி பேசினார்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

"அங்க குளிரு தெருவோட நின்னுடும். இங்க வீட்டுக்குள்ள வந்து நம்மளோட படுத்துக்குது."

அவள் தன்னால் ஆனதைச் செய்துகொண்டாள். ரவிக்கைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டாள். ரப்பர் பூட்சுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ். ஒவ்வோர் ஆட்டையும் வெட்டி முடித்ததும் வெந்நீர் வாளிக்குள் கையை முக்கி, விரல் மடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆட்டைத் தொட்டாள். விரல் மரத்துப் போய்க் கத்தி பிடித்தால் ஆட்டுக்கறி எது, தன் விரல் எது என்று தெரியாமல் போகும். மகள் இன்னும் சமர்த்து. எழுந்ததும் உடை மாற்றுகிற கொடுமைக்குப் பயந்து, முந்தின நாளே பள்ளிக்கூடச் சட்டை பாவாடையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். கசங்கிப் போய் நின்றாலும் நிற்பாள், காலையில் சட்டையைக் கழற்ற மாட்டாள்.

அவனால்தான் முடியவில்லை. பனியில் பிறந்தவன் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டவன் பல் கிட்டிக்க உட்கார்ந்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது. கோட்டுகளை வாரிக் கொடுத்ததும் அவன்தான், அதை வெளியே சொல்ல முடியாது. ஆகவே அடித்தான். போர்வை விலகினால் அடி. டீ ஆறினால் அடி. குளிக்க வைத்த தண்ணீர் சூடு போதவில்லை என்று பித்தளைச் சொம்பை வீசியதில் அவளுடைய கடைவாய்ப் பல் ஒன்று வேரோடு வந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, கடைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். குளிர்ந்தால் தன் கை தன் பேச்சைக் கேட்பதில்லை என்று அவன் சொல்லிக்கொள்வான். பச்சைப் பொய். இரும்புக் கடைக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் அதே குளிரில் அந்தக் கை ஒழுங்காகப் பேச்சைக் கேட்டது.

குளிர் முற்றியபோது அவனுக்குப் பழைய பழக்கம் ஞாபகம் வந்தது. பனி நாட்டில் முதல் பனி விழும் முன்பே ஜன்னல் இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, மேலே காகிதத்தைப் பசை தடவி ஒட்டிவிடுவார்கள். வசந்தம் வரும் வரை பிரிக்க மாட்டார்கள். அதையே இங்கேயும் செய்தான். கந்தல் துணி, பசை, டேப் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஓர் ஊசி முனைகூட விடாமல் அடைத்தான். பிறகு பழைய டிரம் ஒன்றை அறுத்து, கால் வைத்து, கைப்பிடி வைத்து, ஒரு கணப்புச் சட்டி செய்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகான சட்டி. அதில் கரியைப் போட்டு வாசலில் வைத்து விசிறி, புகை அடங்கித் தணல் சிவந்ததும் உள்ளே தூக்கி வருவான். பனி நாட்டு அடுப்புக்குக் கூரை வரை போகிற புகைக் குழாய் இருந்தது. சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடவில்லை. புகையே இல்லாத நெருப்புக்குக் குழாய் எதற்கு என்று அவன் விட்டுவிட்டான்.

அவள் இருட்டோடு கடைக்குக் கிளம்பும்போது அவனும் எழுந்து சட்டியை மூட்டி உள்ளே வைப்பான். அவள் போனதும் தாழ்ப்பாள் போட்டு, கதவுக்கு அடியில் சாக்கைத் திணித்துவிட்டு, மகளோடு மறுபடி படுத்துக்கொள்வான். அறை வெதுவெதுப்பானதும் அடி நின்றது. நம்பவே முடியவில்லை அவளுக்கு. விடுமுறை நாட்களில் அவளும் அந்தச் சூட்டில் படுத்துக் கிடந்தாள். அவன் அவளுக்கு டீ போட்டுக்கூடக் கொடுத்தான்.

ஆனால் அந்த நாட்களில் தலை விண்விண் என்று தெறித்தது. மகள் தினமும் எழுந்ததும் வாந்தி எடுத்தாள், பள்ளிக்கூடம் போனதும் தெளிந்தாள். படிப்புக்குப் பயந்து நடிக்கிறாள் என்றான் அப்பன். அடுத்த வீட்டில் குடியிருந்த டெய்லர் கரிப் பெட்டி வைத்து இஸ்திரி போடுகிறவர். புகை இல்லாவிட்டாலும் கரி விஷக்காற்றைக் கக்கும், பெட்டி கனலும்போது கதவைத் திறந்தே வைக்க வேண்டும், இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும் என்று அவர் வந்து சொன்னார். நெருப்பிலேயே பிழைக்கிறவனுக்கு நெருப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறாயா என்று இவன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு மோதினான். அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு அவள் ஜன்னல் துணியைப் பிய்த்து ஒரே ஒரு பட்டையைத் திறந்தாள். அவன் இரும்பு இடுக்கியை எடுத்து அவள் விலாவில் நாலு போடு போட்டான். அப்புறம் வெல்டிங் மெஷினை இழுத்து வந்து, ஜன்னல் கம்பிகள் மேல் தகரத்தை வைத்து, சுற்றிலும் பற்றவைத்துவிட்டான். இனி அந்த ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் வீட்டையே இடிக்க வேண்டும். பொறி பறந்து மகளின் போர்வை பொத்தல் ஆனது.

அவள் அதோடு விட்டுவிட்டாள். பயந்து மட்டும் விடவில்லை. சட்டி உள்ளே இருந்தால் அடி இல்லை, அதற்காகவும் விட்டாள். தலைவலிதானே, பல்வலியை விடத் தேவலை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மகளின் வாந்தியைத் துடைக்கும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் ஆடு ஏற்றி வருகிற லாரி வழியில் கவிழ்ந்துவிட்டது. சந்தையில் வேலை இல்லை. அவள் தன் கத்தியைச் சாக்கில் சுருட்டி இடுக்கிக்கொண்டு வீடு திரும்பினாள். அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டினாள். பதில் இல்லை. தூக்கத்தைக் கெடுத்ததற்கு இன்றைக்கு இருக்கிறது என்று நினைத்தபடி மறுபடி தட்டினாள். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஓர் அசைவு இல்லை. பள்ளிக்கூடத்துக்கு எழுகிற நேரம் அது.

அடுத்த தட்டல் கையால் இல்லை. சாக்கை உதறிக் கத்தியை எடுத்துத் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இறக்கினாள். பலகை பிளந்து சிம்பு சிம்பாகத் தெறித்தது. ஒரு சிம்பு அவள் புருவத்தைக் கிழித்தது. மறுபடி இறக்கினாள். சத்தம் கேட்டு ஓடி வந்த டெய்லர் பார்த்தது முகத்தில் ரத்தம் வழிய, கையில் கத்தியோடு, புருஷன் இருக்கிற வீட்டுக் கதவை வெட்டுகிற ஒரு பெண்ணைத்தான். கடைசியில் துணிந்துவிட்டாள் என்று நினைத்துப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிப் பிடித்தார். விடுங்க அண்ணே என்றாள். அவர் விடவில்லை. முழங்கையைப் பின்னால் இடித்தாள். அவர் மூக்கு உடைந்தது.

கதவு விழுந்ததும் உள்ளே இருந்து சூடு அவள் முகத்தில் அடித்தது. சட்டியில் தணல் சாம்பல் பூத்துக் கிடந்தது. கட்டிலில் இரண்டு பேரும் படுத்திருந்தார்கள். மகள் முகம் நல்ல சிவப்பாக, காய்ச்சல் தெளிந்த பிள்ளையைப் போல் இருந்தது. உலுக்கினாள். தலை துவண்டு விழுந்தது. அவளை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு, சட்டியில் கால் இடறி, தணல் முழங்காலில் கொட்ட, வெளியே வந்து விழுந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த டெய்லருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பிள்ளையை வாங்கி மடியில் கிடத்தி, குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்தார். முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். மகள் ஒருமுறை விக்கினாள். பிறகு வாந்தி எடுத்தாள். பிறகு வீறிட்டு அழுதாள்.

அவள் படியில் உட்கார்ந்தாள். பனிக்காற்று முழங்காலின் தீப்புண்ணில் பட்டது. தெருவில் நாலு பேர் சேர்ந்திருந்தார்கள். ஒருவன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். உடைந்த கதவுக்குள் தலையை நீட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை.

"அம்மா, அவரு உள்ள இருக்காரு," என்றார் டெய்லர்.

"இருக்கட்டும்," என்றாள்.

அப்படித்தான் சொன்னாள். நான் அதை மாற்றிச் சொல்லப் போவதில்லை. அவள் எழுந்திருக்கவும் இல்லை. மகள் அழுகிறாள், மூச்சு விடுகிறாள், அது போதும். உள்ளே கிடப்பவனை அவள் வெட்டவில்லை, குத்தவில்லை. ஜன்னலை அடைத்ததும் அவன், பற்றவைத்ததும் அவன், கரியை மூட்டியதும் அவன். இங்கே சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

பிறகு ஏன் எழுந்தாள்? தாலி, பாசம், பாவம் என்று சந்தையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. திறந்த வாசல் வழியே அவன் முகம் அவளுக்குத் தெரிந்தது. சுகமாகத் தூங்குகிற முகம். பல்லைப் பிடுங்கி, விலாவை உடைத்து, பிள்ளையைச் சாவுவரை கொண்டுபோன ஒருவன், எதுவும் தெரியாமல், எங்கும் வலிக்காமல், வெதுவெதுப்பான படுக்கையில் கிடந்து போய்ச் சேரப் போகிறான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

உள்ளே போய் அவன் இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தாள். கட்டிலிலிருந்து விழுந்தான். தலை டைல்ஸில் மோதியது, நிலைப்படியில் ஒருமுறை, படிகளில் ஒவ்வொன்றிலும் ஒருமுறை. தெருவில் மல்லாத்திப் போட்டு, மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து, கன்னத்தில் அறைந்தாள். ஆட்டின் முதுகெலும்பைப் பிளக்கிற கை அது. உதடு கிழிந்தது. மறு கன்னத்தில் அறைந்தாள்.

"எந்திரிடா."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனை வாங்க போங்க என்றுதான் பேசியிருக்கிறாள். டெய்லர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மறுபடி அறைந்தாள், மறுபடி. அவன் தொண்டையில் ஏதோ கரகரத்தது. மூச்சு இழுத்தது. இமை துடித்துக் கண் திறந்தது. எதிரே இருப்பது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, கையைத் தூக்கப் பார்த்தான், கை எழவில்லை. கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவள் நிறுத்தவில்லை.

"முழிச்சுட்டாரும்மா. போதும், விடு," என்றார் டெய்லர்.

"தெரியுது அண்ணே. முழிச்ச பிறகு அடிச்சாத்தான் வலிக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் கையை ஓங்கினாள்.