படியடி வாளியில் ஒரு டேங்க் கிளீனர்

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை காலை அடையாற்றில் தூண்டில் போட்டிருந்தேன். வந்தது முழங்கை நீள மீன். உடம்பெல்லாம் முள்ளும் ஓடும், வாய் அடிப்பக்கம். பாசி தின்னட்டும் என்று வீட்டு மீன்தொட்டியில் வாங்கி விடுவார்களே, அந்த டேங்க் கிளீனர்தான். தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்ததும் எந்தப் புண்ணியவானோ ஆற்றில் விட்டிருக்கிறார்.

பக்கத்தில் வலை வீசிக்கொண்டிருந்த பட்டினப்பாக்கத்து நண்பர் அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இது மாட்டிக்கினா வலைய அறுத்தாதான் பாய் வெளிய வரும். மடவை மீனு இருந்த எடத்துல இப்ப இதான் கீது. நாங்க சொன்னா எவன் கேக்கறான்? நீ படிச்சவன், நீ சொல்லு."

படித்தவன் சொன்னால் கேட்பார்கள் என்று நானும் நம்பினேனே, அதை நினைத்தால்தான் இன்றும் எரிகிறது. மீனை வாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, திங்கட்கிழமை போன் செய்ய ஆரம்பித்தேன். முதல் அலுவலகத்தில், ஆறுதான் எங்கள் பொறுப்பு, மீன் இல்லை என்றார்கள். இரண்டாவதில், கடல் மீனா ஆற்று மீனா என்று கேட்டார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பிடித்தது என்று சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்கள். மூன்றாவதில் போட்டோ கேட்டார்கள். ஆறு படம் அனுப்பினேன்.

"போட்டோவ வச்சு வகை சொல்ல முடியாது சார். வயித்துக் கோட்ட நேர்ல பார்க்கணும். மீன் இல்லாம பதிவு பண்ண மாட்டோம். உயிரோட வச்சிருங்க, ஆள் வருவாங்க."

குளியலறையில் வைக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் வாளியை வைத்தேன். செவ்வாய் போனது, புதனும் போனது. போன் செய்தால் சார் மீட்டிங்கில் இருந்தார்.

வியாழக்கிழமை மாலை கடையிலிருந்து திரும்பினால், வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கீழ்வீட்டு மாமி வாசலிலேயே காத்திருந்தார்.

"வாயத் தொறந்து தொறந்து தவிச்சுண்டிருந்தது பாய். வாயில்லா ஜீவன், பாவம். உங்காத்துலயும் யாரும் இல்ல. ஆட்டோல கொண்டுபோய்க் கோயில் குளத்துல விட்டுட்டேன். ஒரு கை பொரியும் போட்டேன்."

அந்த மீனுக்கு வாயைத் தவிர வேறெதுவுமே கிடையாது. கோபம் தலைக்கேறியது. ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? நான்கு நாளாக அந்த மீனுக்காக யாராவது அசைவார்களா என்று காத்துக் கிடந்தேன். அசைந்தவர் இவர் ஒருவர்தான்.

மறுநாள் காலை அந்த மூன்றாவது அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"சார், மீன் உயிரோட இருக்கா?"

"இருக்கு. கோயில் குளத்துல இருக்கு."



"குளம்னா எங்களுக்கு வராது சார். நீங்க கோயில் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துருங்க."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஆற்றோடு போயிருக்க வேண்டிய மீனைக் குளம் வரை கொண்டுவந்து சேர்த்தது என் புகார்தான்.