வீங்கிய கையில் ஒரு வளையல்

மார்பில் ஆபரேஷன் முடிந்து மதுரையிலிருந்து கூடலூர் வந்து இறங்கிய அக்காவை, அவளுடைய நாத்தனார் வாசலிலேயே மறித்தாள். "மூளிக் கையோட படியேறாதீக மதினி" என்று கைக்கொன்றாகப் பச்சைக் கண்ணாடி வளையல் மாட்டிவிட்டாள். அறுத்த பக்கத்துக் கையில் எதையும் போடக் கூடாதென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போட்டிருப்போம்.

ஆடிக் காற்று எழுந்த சமயம் அந்தக் கை வீங்கியது. வலியில்லை. அதுதான் பயம். சத்தம் போடாமல் வந்து விரல்களை நிரப்பி, முழங்கை மடிப்பை அழித்து, வளையலுக்கு மேலும் கீழும் மேடு கட்டி நின்றது. அக்கா அந்தக் கையைத் தலையணையில் தனியாகக் கிடத்துவாள், பக்கத்தில் இன்னொருத்தி படுத்திருப்பது மாதிரி. 'அது' என்றுதான் சொல்வாள்.

"எனக்கு முன்னாடியே அது முழிச்சுக்கிருது புள்ள."

தேனியில் பிசியோதெரபி பார்க்கும் கோட்டயத்துப் பெண்மணியிடம் கூட்டிப்போனேன். வடிகிற வழி அறுபட்டதால் நிணநீர் தேங்கிவிட்டது. மெல்லத் தடவி வேறு வழியில் திருப்ப வேண்டும், பிறகு இறுக்கித் துணிக்கட்டுப் போட வேண்டும் என்றார். கட்டுப் போட வளையல் போக வேண்டும். குறடு ஒன்றை எடுத்தார். அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒடைக்காதீக. அவுக ரோட்டுல இருக்காக."

அத்தான் ஜீப் ஓட்டுகிறவர். ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் குமுளி மலை ஏறி இறங்குவார். எங்கள் பக்கம் ஒருத்தியின் கண்ணாடி வளையலை உடைப்பது புருஷன் செத்தால்தான்.

அந்த அம்மாள் கருவியைக் கீழே வைத்தார். தடவிக் குறைத்துக் கழற்றப் பார்க்கலாம், ஆனால் கை சிவந்தாலோ காய்ச்சல் கண்டாலோ தடவக் கூடாது, அன்றைக்கே உடைத்தாக வேண்டும் என்று எனக்குச் செய்முறை சொல்லித் தந்தார். நான் எண்ணெய் தேய்க்கிற வேகத்தில் அழுத்தினேன்.

"அமர்த்தண்டா! தோலு மட்டும் நகர்ந்தா மதி." அழுத்தாமல் தோலை மட்டும் நகர்த்தினால் போதுமாம்.

முதலில் கழுத்து, பிறகு மறுபக்கத்து அக்குள், மார்பின் குறுக்கே, தோள். கடைசியில்தான் கை. திரும்பும்போது பஸ்ஸில் புலம்பினேன்: "கை வீங்குனா கழுத்தத் தடவுவாகளாக்கும்?"

"கடைமடையத் தொறக்காம தண்ணியத் தள்ளுனா எங்கடி போகும்? நீயெல்லாம் வயக்காட்டுப் பக்கம் பொறந்தவளா?" என்றாள் அக்கா.

மத்தியானங்களில் தடவினேன். கூரைத் தகரத்தைக் காற்று தூக்கித் தூக்கிப் போடும். தூங்குகிற எதையோ எழுப்பாமல் ஓரத்துக்கு நகர்த்துகிற மாதிரி விரல் போகும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வாள்.

"வருது... தோளத் தாண்டிருச்சு... முதுகுப் பக்கம் போகுதுடி."

ஒரு நாள் கண்ணைத் திறந்து கேட்டாள்:

"இம்புட்டும் எங்கதான் போகும்?"

"ரத்தத்துல கலந்துரும்னாக."

"அப்ப அது உள்ளதான் இருக்கா?"

நான் மறுபடி கழுத்திலிருந்து தொடங்கினேன். வாசலில் ஜீப் வந்து நிற்கிறவரை அக்கா முழுதாக மூச்சு விட மாட்டாள். அத்தானோ எட்டிப் பார்த்து, "என்ன கொழுந்தியா, மாவு பெசஞ்சாச்சா? பரோட்டா எப்ப?" என்பார்.

ஒரு சாயங்காலம் வீக்கம் கொஞ்சம் வற்றி, மணிக்கட்டில் தோல் சுருங்கிக் கிடந்தது. சோப்பு நுரையைப் பூசி, ஐந்து விரலையும் கூட்டிப் பிடித்து இழுத்தேன். பெருவிரல் எலும்பில் சிக்கியது. அக்கா பல்லைக் கடித்தாள். சட்டென்று வழுக்கி வந்துவிட்டது, முழுசாக. என் கையிலிருந்து அதைப் பிடுங்கி மறு கையில் போட்டுக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கு அத்தான் உள்ளே வந்தபோது கரண்டு இல்லை. அரை இருட்டில் அவளுடைய வீங்கின கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல கெடந்த வளையல் எங்க?"

அக்கா மறு கையைக் காட்டினாள். இரண்டும் அங்கே இருந்தன.

அவர் விரல் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. "அப்ப இது என்னடி?"

குனிந்து பார்த்தோம். சதைக்குள் ஆழமாய், வட்டமாய், பளபளவென்று ஒரு பள்ளம்.

மறுநாள் உள்ளங்கையிலிருந்து மேல்நோக்கித் துணியைச் சுற்றிக்கொண்டு போனேன். அந்த இடம் வந்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ரெண்டு சுத்து கூடப் போடு" என்றாள்.