கொதிக்காத சோயாப் பால்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறும் என் அடுப்பில் காய்ந்த பாலைக் குடித்து வளர்ந்தவை. இந்த வயதில், பால் காய்ச்ச ஒரு மெஷின் வாங்கலாமா என்று என்னிடமே கேட்டால் எப்படி இருக்கும்?

கேட்டது என் மருமகள் சுகந்தி.

காரணம் என் கடைசிப் பேரன், சுகந்தியின் இளையவன். இரண்டு வயது. பசும்பால் குடித்தால் உடம்பெல்லாம் தடித்துவிடுகிறது. டாக்டர் சோயாப் பால் கொடுக்கச் சொன்னார். பாக்கெட்டில் வருவது ஒரே தித்திப்பு, வீட்டில் செய்தால் நல்லது என்றார். அன்று சாயங்காலமே சுகந்தி மெஷின் பேச்சை எடுத்துவிட்டாள். அவள் ஆபீஸில் ஒருத்தி வைத்திருக்கிறாளாம். ஊறிய சோயாப் பயறைப் போட்டு பட்டனை அமுக்கினால் பாலாம்.

"பயறை அரைச்சுப் பிழிய எனக்குக் கை இல்லியா?" என்றேன்.

மறுநாளே செய்தும் காட்டினேன். எப்படி? தேங்காய்ப் பால் எடுக்கிற மாதிரிதான். தேங்காய்ப் பாலில் பிரதமன் பாயசம் வைக்கத் தெரிந்த எவளிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் — முதலில் பிழிகிற தலைப்பாலைக் கொதிக்க விடக் கூடாது, திரிந்துபோகும். சூடு ஏறியதும் இறக்கிவிட வேண்டும். என் கைக்கு ஐம்பது வருஷமாக அதுதான் பழக்கம். சோயாவிலும் தலைப்பாலில்தானே சத்து? அதைப் பேரனுக்கென்று தனியாக எடுத்து, லேசாகச் சூடு காட்டி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் வாந்தி. அப்புறம் வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அந்தக் குச்சிக் கையில் ஊசி குத்தி, சொட்டுச் சொட்டாக ஏற்றி... அதற்கு மேல் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? பயறு பழசு என்றேன். வாங்கினவள் பார்த்து வாங்க வேண்டாமா என்றேன். வாங்கினவள் சுகந்தி. ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் காதில் விழும்படிதான் சொன்னேன். அவள் வீட்டுக்கு வந்ததும் மிச்சப் பயறைக் குப்பையில் கொட்டினாள்.

மெஷினே வாங்கிவிடலாம் என்று முடிவாகி, போன சனிக்கிழமை இரண்டு பேரும் பழவங்காடிக் கடைத்தெருவுக்குப் போனோம். புதிதாக வாங்கிய பயறில் ஒரு பிடி ஊறவைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டுதான் போனேன். கிரைண்டர் வாங்கப் போனால் உளுந்து போட்டு ஆட்டிப் பார்க்காமலா வாங்குவோம்?

கடையில் இரண்டு மெஷின் இருந்தது. விற்கிறவன் இத்தனை வாட்ஸ் என்றான், ஆட்டோமேட்டிக் என்றான், வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டிக் காட்டினான். தண்ணீரை அரைக்க மெஷின் எதற்கு? என் டப்பாவைத் திறந்தேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"அம்மச்சி, இது டெமோ பீஸாக்கும். பயறு போட்டா பின்ன யாரு கழுவுறது?"

"அதத்தான் நானும் கேக்கேன். யாரு கழுவுறது?"

உள்ளே ஒரு வலைக்குழல். ஊசிமுனை ஓட்டைகள். சக்கை அடைத்துக்கொண்டால் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டுமாம். ஆனால் மேல் மூடியில் தண்ணீர் படக் கூடாதாம், மோட்டார் இருக்கிறதாம். நனையக் கூடாத பால் பாத்திரத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான்? வேலையைக் குறைக்கிறேன் என்று வீட்டுக்குள் வருகிற மெஷின் எல்லாம் இப்படித்தான் — செய்கிற வேலையை எடுத்துக்கொண்டு, கழுவுகிற வேலையை நம் தலையில் கட்டிவிடும்.

கூடவே ஒரு புத்தகம். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதோடு சரி. பத்திரிகையில் வருகிற இந்தப் பத்தியைக்கூட வாராவாரம் நான் சொல்ல, சுகந்தியின் மூத்தவள் வித்யாதான் எழுதுகிறாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. ஆனால் படித்த சுகந்திக்கும் அந்தப் புத்தகத்தில் பாதி பிடிபடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மெஷின் அரைக்க மட்டும் செய்யும். இன்னொன்று அரைத்து, தானே கொதிக்கவும் வைக்கும். முதல் மெஷினே போதும், எங்கள் வீட்டில் அடுப்பு இருக்கிறது என்றேன்.

"குழந்தைக்குன்னா அது வேண்டாம் அம்மச்சி," என்றான் அவன். "சோயா நல்லா வேகாம குடுத்தா வயித்துக்கு ஆகாது. பொங்குனப்புறமும் பத்து நிமிஷம் கொதிக்கணும். சூடானதும் இறக்கிருவாங்க, அங்கதான் கொழப்பம்."

நான் டப்பாவை மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை.

சுகந்தி என் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு நீங்க நல்லா கொதிக்க வச்சீங்கல்லா அத்தை?"

"பின்னே? கொதிக்க வைக்காமலா குடுப்பேன்?"

அவள் நம்பிவிட்டாள். "அப்ப நான் வாங்குன பயறுதான்," என்றாள், மெதுவாக.

கொதிக்க வைக்கிற மெஷினையே வாங்கினோம். காலையில் அது போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிடுகிறது. வலைக்குழலைத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நோகிறது. ஆனால் பேரன் குடிக்கிறான். குடித்தது வயிற்றில் நிற்கிறது. அந்த மட்டில் மெஷினைத் திட்ட முடியவில்லை.

சுகந்திதான் என்னைத் திட்டாமல் திட்டுகிறாள். ஆபீஸ் விட்டு வந்ததும் பயறை முறத்தில் கொட்டி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். ஒரு சின்னப் புள்ளி இருந்தாலும் எறிகிறாள். முகர்ந்து பார்க்கிறாள். மறுபடியும் பொறுக்குகிறாள். ஐந்து நாளாக இதே வேலை. நேற்றுப் பாதிப் பயறு குப்பைக்குப் போய்விட்டது. எல்லாம் நல்ல பயறு.

வீட்டுக்கே மூத்தவள் நான் ஒன்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. இதுவரை அது பெருமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்...

சரி, சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் பாலைக் கொதிக்க வைக்கவில்லை. பயறு மேல் ஒரு குற்றமும் இல்லை, வாங்கினவள் மேலும் இல்லை. கடையில் நின்று சொன்னது பொய்.

என்ன பிள்ளே, என் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கே? அதையும் எழுது. எழுதிட்டியா? இனி முதல்லருந்து ஒரு தடவ வாசி, வித்யா. உங்க அம்மை அடுக்களையில பயறு பொறுக்கிட்டிருக்கா — சத்தமா வாசி.